ஏழு தட்டு, ஒரு என்டர்

மெர்வின் ஹாட்ரிக்கின் வெள்ளைக் கைத்தடி என் மூக்கை உடைத்தபோது நூலகத்தில் வழக்கமான அமைதி நிலவியது. அதனால் எலும்பு முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது.

மெர்வின் முப்பது வருடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இறைச்சிக்கூடங்களில் மாடு வெட்டியவர். கண் போனபின் எங்கள் நூலக இணையதளத்தில் ஒலிப்புத்தகம் எடுத்துக் கேட்பார், கொலைக்கதை மட்டும். திரையில் உள்ளதைக் கணினி வாசித்துச் சொல்லும். அதற்குக்கூட அவர் காத்திருப்பதில்லை. பட்டனுக்குப் பட்டன் தாவவைக்கும் டேப் விசையை ஏழு முறை தட்டி என்டர் அடித்தால் புத்தகத்தின் கெடு இரண்டு வாரம் நீளும் என்பது அவர் விரலுக்கு மனப்பாடம்.

திங்கட்கிழமை நான் தளத்தைப் புதுப்பித்தேன். ஏழாவது இடத்துக்கு ‘கணக்கை நீக்கு’ வந்துவிட்டது.

“கடைசி அத்தியாயம்டா,” என்றார், என் காலரை முறுக்கியபடி. “கொன்னவன் பேரு வர்ற நேரம். புத்தகமும் போச்சு, என் கணக்கும் போச்சு.”

“கண் தெரியாதவங்க உட்பட எல்லாரும் பயன்படுத்தலாம்னு சான்றிதழ் இருக்கு, ஐயா.”

அடுத்த அடி வாயில். உருண்ட பல்லை முன்மேசையில் வேலை பார்க்கும் நோரீன் எடுத்து, தொலைந்த பொருள் பெட்டியில் போட்டாள்.

“யாரு சோதிச்சா?” என்றார் மெர்வின்.

“நான்தான். கணினி வாசிக்குதான்னு ரெண்டு நாள் பாத்தேன்.”

“என்ன வாசிச்சுது?”

“தெரியல. நூலகமாச்சே, சத்தத்த அணைச்சு வச்சிருந்தேன்.”

நோரீன் தலையசைத்தாள். “நூலக விதி அப்படித்தான், மெர்வ். நான் வேணா இங்கிருந்தே உங்க கணக்கத் திறந்து தர்றேன்.”

“இவன் திறக்கட்டும். காதால.”

என்னை ஒரு கணினி முன் தள்ளி, என் கழுத்துத் துண்டால் கண்ணைக் கட்டி, முதுகில் முழங்காலை ஊன்றி, ஒலியை முழுக்கத் திருகினார்.

“பட்டன்,” என்றது கணினி. “பட்டன். பட்டன். படம். பட்டன்.” எது எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை; இருபது நிமிடம் இதுதான். பிறகு, நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

விசைப்பலகையை உருவித் திரையில் அடித்தேன். கண்ணாடி சிதறி உள்ளங்கை கிழிந்தது. குரல் நிற்கவில்லை. அது வாய் மூடும்வரை கணினியைத் தரையில் மோதினேன்.

“இப்பதான் ஒழுங்கா சோதிச்சிருக்க,” என்று முழங்காலை எடுத்தார்.

நோரீன் தன் கணினியில் அவர் கணக்கைத் திறந்து, கடைசி அத்தியாயத்தை உரக்க ஓடவிட்டாள். யாரும் ‘உஷ்’ சொல்லவில்லை. கொன்றவன் மைத்துனன்.

“இவ்வளவுதானா,” என்றார் மெர்வின். “இத நான் மூணாம் அத்தியாயத்துலயே சொன்னேன்.”

மூக்கில் பஞ்சுடன், வேறொரு கணினியில், நல்ல கையால், ‘கெடு நீட்டு’ பட்டனை ஏழாவது இடத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒலி முழுதாக.