வாடையில்லாத குப்பி

டாக்டர் ஞானையா குப்பியின் தக்கையைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். பிறகு ஆவுடைநாயகம் பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தார்.

"பிள்ளைவாள், இது கடலை எண்ணெய்."

ஆவுடைநாயகத்தின் மனைவி ஞானம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடியில் அவள் மகள் கோமு துவண்டு கிடந்தாள். மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் நிற்கத் தெரியாது. கால் இரண்டும் வில்லாக வளைந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. ஊரில் கணை என்றார்கள். எலும்பில் சத்தில்லை, மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தால்தான் தேறும் என்று டாக்டர் ஆவணி பிறந்தபோதே சொல்லியிருந்தார். இப்போது புரட்டாசி பாதி போய்விட்டது. இத்தனை நாளும் காலையும் மாலையும் பிள்ளைக்குக் கடலை எண்ணெயை ஊட்டியிருக்கிறார்கள். "நல்ல சரக்கு, வாடையே இல்லை" என்று மெச்சியவள் வேறு யாருமில்லை, அவளேதான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், அந்த வீட்டுச் சைவம் அப்படி. ஏரல் பிள்ளைமார் தெருவில் மீன் என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்கள். ஆற்றில் குளிக்கும்போது காலைக் கடித்தால்கூட, "அது கடிச்சிட்டு" என்றுதான் சொல்வார்கள். ஆவுடைநாயகம் பள்ளிக்கூடத்து வாத்தியார். 'மீ' எழுத்துக்குப் பிள்ளைகளிடம் மீசை என்று சொல்லிக்கொடுப்பாரே தவிர, அந்த இன்னொன்றைச் சொல்லமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் முத்துமாலை மருந்துக்கடையில் போய் நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த எண்ணெய் இருக்குமே வே, அதுல வாடையில்லாததாப் பார்த்துக் கொடும்" என்று கேட்டிருக்கிறார். முத்துமாலையும் வாடையில்லாததாகப் பார்த்துக் கொடுத்துவிட்டான்.

"சீமையில சண்டை நடக்குது, கப்பல் ஒழுங்கா வரல. வாற கொஞ்சத்துல அவனவன் கலப்படம் செய்யுதான்" என்றார் டாக்டர். கோமுவின் முதுகைத் தடவிப் பார்த்தார். "நெஞ்செலும்பும் வளையுது. இனி நாளைக் கடத்தாதீங்க. ஐப்பசி மழையில ஒரு சளி பிடிச்சா இந்த நெஞ்சு தாங்காது."

போன ஐப்பசியில்தான் மூத்தவனை இருமல் கொண்டுபோயிருந்தது.

"நல்ல எண்ணெயை எப்படித் தெரிஞ்சுக்கிடது?" ஞானம்பாள்தான் கேட்டாள். புருஷன் இருக்கும்போது அவள் டாக்டரிடம் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"இளம் வைக்கோல் நிறத்துல தெளிவா இருக்கணும். புது மீன் வாடை அடிக்கணும். கெட்டுப்போனதுன்னா அழுகின வாடை வரும், தொண்டையில காறும். அதைக் கொடுத்துடாதீங்க, வயித்தால போகும். இந்தப் பிள்ளை இருக்க இருப்புக்கு வயித்தால போனா, பிறகு நான் செய்ய ஒண்ணுமில்லை."

"புதுசு, அழுகினது ரெண்டும் எங்க மூக்குக்கு ஒண்ணுதானே டாக்டர்" என்றார் ஆவுடைநாயகம். பாவம், அவர் உள்ளதைத்தான் சொன்னார்.

"அப்பம் மூக்கைப் பழக்குங்க. கொற்கைப் பக்கம் பேதி கண்டிருக்கு, நான் இப்பவே போகணும். திரும்பி வர எத்தனை நாளாகுமோ தெரியாது. முத்துமாலை கடையில வேற சரக்கும் இருக்கு, பார்த்து எடுங்க." பையைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டியில் ஏறிவிட்டார்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. ஆவுடைநாயகம் மருந்துக்கடைப் பக்கம் திரும்பினார். ஞானம்பாள் நகரவில்லை.

"முதல்ல மீன்கடைக்குப் போவோம்" என்றாள்.

அவர் திடுக்கிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். "என்ன பேசுதே நீ? நம்ம தெரு ஆளுக பார்த்தா?"

"பார்க்கட்டும். எது புதுசு, எது அழுகலுன்னு தெரியாம நான் எந்தக் குப்பியைன்னு எடுப்பேன்?"

ஆற்றங்கரைச் சந்தையின் கடைசியில், காற்று ஊருக்குள் அடிக்காத மூலையில் மீன்காரிகள் இருந்தார்கள். ஆவுடைநாயகம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவர் கால் வரமாட்டேன் என்றது. ஞானம்பாள் மட்டும் போனாள். முதல் பெட்டியின் முன்னால் இருந்த மாரித்தாய் அவளைக் கண்டதும் எழுந்தேவிட்டாள்.

"என்னம்மா, வழி தப்பி வந்துட்டியளா?"

"இல்லை. இது இன்னைக்குப் பிடிச்சதா?"

"விடியக்காலம் வந்ததும்மா."

ஞானம்பாள் குனிந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். குடல் வாய்க்கு வந்தது. சற்றுத் தள்ளித் தென்னைக்கு உரமாகப் போவதற்கென்று விற்காத மீனைக் குவித்துப் போட்டிருந்தார்கள். ஈ மொய்த்தது. அங்கேயும் போய்க் குனிந்தாள். அது மூக்கில் நிற்கவில்லை, தொண்டைக்குள் இறங்கிப் புளித்துக் காறியது. வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் பெட்டிக்கு வந்தாள். மீன்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். இந்த அம்மாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்திருப்பார்கள்.

இந்தத் தடவை குமட்டலுக்குப் பின்னால் வேறு ஏதோ தெரிந்தது. ஈரம், உப்பு, வெள்ளரிப்பிஞ்சை அப்போதுதான் நறுக்கியதுபோல ஒரு பச்சை வாசம். வாசம் என்று தன் மனசு சொல்லிவிட்டதே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. இதற்கும் அதற்கும் மாறி மாறி நடந்து, கண்ணை மூடிக்கொண்டாலும் வித்தியாசம் தெரிகிற வரைக்கும் முகர்ந்தாள்.

முத்துமாலைக்கு அவர்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மூஞ்சியில் ஈயாடவில்லை.

"பிள்ளைவாள், நீங்க கேட்டது வாடையில்லாதது. அந்த எண்ணெயில வாடையில்லாம வேணும்னா, நான் வேற எதைத்தான் கொடுக்க?"

"பச்சைப்பிள்ளை சாப்பிடுத மருந்து வே அது" என்றார் ஆவுடைநாயகம். சத்தம் போட நினைத்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. முத்துமாலை தலையைக் குனிந்துகொண்டு, இருக்கிற குப்பிகளை எல்லாம் எடுத்துப் பலகையில் வைத்தான். மூன்று குப்பி. இரண்டில் சீமைச் சீட்டு ஒட்டியிருந்தது. மூன்றாவது, தூத்துக்குடிக் கரையில் சுறா ஈரலைக் காய்ச்சி வடித்தது. அதில் சீட்டும் இல்லை, சித்திரமும் இல்லை.

ஞானம்பாள் முதல் குப்பியைத் திறந்தாள். இருந்தும் இல்லாததுமாக ஒரு வாடை, அடியில் கடலை மணம். ஒதுக்கி வைத்தாள். இரண்டாவது பார்வைக்கு நல்ல நிறமாகத்தான் இருந்தது. முகர்ந்தாள். உரக்குவியல் நினைவுக்கு வந்தது, ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. தப்பாக எடுத்தால் போகப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். எதிர்க்கடையில் அவர்கள் தெருச் சிவசைலம் பிள்ளை வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் பார்ப்பதும் அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கையில் எண்ணெயை விட்டு நக்கினாள்.

"ஞானம்" என்றார் ஆவுடைநாயகம்.

தொண்டையில் நெருப்பு வைத்ததுபோல் காறியது. துப்பினாள். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துவிட்டு மூன்றாவதைத் திறந்தாள். கடை முழுவதும் வாடை பரவியது. ஆவுடைநாயகம் படி இறங்கிவிட்டார். அவள் முகர்ந்தாள், நக்கினாள், பொறுத்திருந்தாள். குமட்டியது. காறவில்லை. மறுபடியும் நக்கினாள். நாக்கில் உப்பும் அந்தப் பச்சை வாசமும் நின்றன.

"இதுதான்."

"இதையா? சீமைச் சீட்டு ஒட்டினதை விட்டுட்டு இந்த நாத்தத்தையா வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுதே? நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"நிச்சயமாத் தெரியாது" என்றாள் ஞானம்பாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "இம்புட்டு நாளும் நம்ம மூக்குக்கு எண்ணெய் வாங்கினோம். இனியாவது பிள்ளைக்கு வாங்குவோம்."

அவர் படியேறி வந்து, மடியிலிருந்து காசை எடுத்துப் பலகையில் வைத்தார்.

வீடு போய்ச் சேருவதற்குள் சிவசைலம் பிள்ளை வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆவுடைநாயகத்தின் அக்காள் பார்வதியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். தாலியறுத்து வந்த நாளிலிருந்து அந்த வீடு அவள் சொல்படிதான் நடந்தது. தீட்சை வாங்கியவள். அவள் பூசை முடித்து இறக்கிய பொங்கலைத்தான் மற்றவர்கள் தொடுவார்கள்.

"மீன்கடையில நின்னியாமே. கடையில வச்சு அதை நக்கினியாமே."

"ஆமா, மதினி."

"பிள்ளைக்கு மருந்துன்னா கொடு. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அதை ருசி பார்த்த வாயோட என் அடுப்பங்கரைக்குள்ள வராதே. பின்கட்டுல இருந்துக்கோ."

ஆவுடைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஞானம்பாளுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, நின்று பேச நேரமில்லையே என்ற தவிப்புத்தான் பெரிதாக இருந்தது. குளித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

கோமு முதல் கரண்டியை அப்படியே துப்பிவிட்டாள். இரண்டாவதற்கு வாயே திறக்கவில்லை. ஞானம்பாள் தானே ஒரு கரண்டி ஊற்றி, பிள்ளை பார்க்க விழுங்கி, சிரித்துக் காட்டினாள். சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. கோமு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பைய வாயைத் திறந்தாள். அன்றையிலிருந்து தாய்க்கு ஒரு கரண்டி, பிள்ளைக்கு ஒரு கரண்டி.

அன்று பகல் முழுவதும் ஞானம்பாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம் கோமு வெளிக்கிருந்தாள். கெட்டியாகத்தான் போயிருந்தது. அப்புறம்தான் ஞானம்பாள் தண்ணீர் குடித்தாள்.

ஐப்பசி மழை ஆற்றை நிரப்பியது. பயந்தபடியே கோமுவுக்குச் சளி பிடித்து நெஞ்சு இழுத்தது. கண் செருகியபோது ஆவுடைநாயகம் பூசையறை முன்னால் விழுந்து அழுதார். ஞானம்பாளுக்கு அழக்கூட முடியவில்லை, மூத்தவன் போன அதே பாயில்தான் இவளும் கிடந்தாள். பார்வதியம்மாள் கஷாயம் போட்டுப் பின்கட்டு வாசலில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவாள். பிள்ளை அவளைத் தொட்டுவிட்டால் கொட்டுகிற மழையிலும் ஆற்றுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வருவாள். எப்படியோ இழுப்பு அடங்கியது. பிள்ளை பிழைத்தது.

குப்பி காலியானபோது ஆவுடைநாயகம் தானே கடைக்குப் போனார். மூக்கில் துண்டில்லை. "மீன் எண்ணெய் கொடும் வே" என்று ஊர் கேட்கச் சொல்லி, விரலில் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் வாங்கினாராம். தெருவில் அதைப் பேசாத வாயில்லை.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. ஞானம்பாள் பின்கட்டில் மருந்து கொடுத்துவிட்டுக் கரண்டியைக் கழுவத் திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தால் உட்கார்ந்திருந்த இடத்தில் பிள்ளை இல்லை. கோமு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு சுவரை விட்டாள். வளைந்த கால்களால் தத்தித் தத்தி, நேரே அடுப்பங்கரையைப் பார்த்து நடந்தாள். ஞானம்பாள் பின்னாலேயே ஓடி வாசல்படியில் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கு அனுமதியில்லை. பிள்ளை விழுந்தால் பிடிக்க முடியாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து விழுந்துவிடும். மூச்சு விடாமல் நின்றாள்.

கோமு படியைத் தாண்டி, பூசைக்குக் குளித்து ஈரத்துணியோடு அடுப்பு முன்னால் நின்ற அத்தையின் கால்களைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வழிந்த வாயை அவள் வெள்ளைச் சேலையில் புதைத்தாள்.

பார்வதியம்மாள் குனிந்து பார்த்தாள். வாடை அவளுக்கும் அடித்திருக்கும். வளைந்த அந்தக் கால்கள் தரையில் நின்றுகொண்டிருந்தன. அவள் பிள்ளையை அள்ளித் தூக்கி, அந்த வாயிலேயே முத்தமிட்டாள்.

அடுப்பில் பூசைப் பொங்கலுக்கு வைத்த பால் விளிம்புக்கு வந்துவிட்டது.

"ஏட்டி ஞானம், என்ன அங்கன நின்னு வேடிக்கை பார்க்கே" என்றாள் பார்வதியம்மாள். "பிள்ளை என் கையில இருக்கால்லா. உள்ள வந்து பானையை இறக்கு."