மேல்மாடிக்குக் கேட்கிற மண்டபம்

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைக்கூட சௌக்கத் அலி ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். மண்டபம் பார்ப்பதுதான் மனுஷனைப் படுத்தி எடுத்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஏறி இறங்கியாயிற்று. எல்லாமே அவருக்குப் பிடித்திருந்தது. மனைவி ரஹீமுன்னிசாவுக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரஹீமுன்னிசா எதற்கும் முகம் சுளிக்கிறவள் அல்ல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவர் வாங்கி வந்த புடவையைக் கட்டினாள், அவர் பார்த்து வைத்த வாடகை வீட்டில் குடியிருந்தாள், காசிமேட்டிலிருந்து அவர் தூக்கி வந்த மீன் முள்ளாக இருந்தாலும் வாயைத் திறக்காமல் குழம்பு வைத்தாள். அப்படிப்பட்டவள் போகிற மண்டபத்தில் எல்லாம் நேரே மாடிக்கு ஏறுவாள். பெண்கள் உட்காரும் பகுதியில் கொஞ்ச நேரம் நிற்பாள். இறங்கி வந்து, "வேணாங்க" என்பாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

சௌக்கத் அலி விசைப்படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். மண்டபம் என்றால் பிரியாணி அண்டா வைக்கப் பின்னால் இடமும் வண்டி நிறுத்த முன்னால் இடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. நிக்காஹ் நடக்கப்போவது மண்டபத்தில் இல்லையே! அதைச் சம்மந்தியோடு பேசி முடித்தாகிவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டாரின் பள்ளிவாசலில் அஸர் என்கிற மாலைத் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். ஆண்கள் அதை முடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். பெண்கள் அங்கே மணப்பெண்ணோடு காத்திருப்பார்கள். பிறகு ரிசப்ஷன், சாப்பாடு. மகள் அனமும் தலையாட்டிவிட்டாள். இதற்கு மேல் ஒரு மண்டபத்தில் குற்றம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்ததாக எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்த மண்டபத்துக்குப் போனார்கள். லிஃப்ட் இருந்தது, ஏசி இருந்தது. மேனேஜர் அன்பரசன் என்கிற இளைஞன் புது மாப்பிள்ளை மாதிரியே உடுத்திக்கொண்டு சுற்றிக் காட்டினான். மாடியில் பெண்கள் பகுதிக்கு வந்ததும் ரஹீமுன்னிசா வாய் திறந்தாள்.

"தம்பி, கீழ மேடையில பேசுனா இங்க கேக்குமா?"

"ரிசப்ஷனுக்கு இன்னாத்துக்குமா பேசுறது கேக்கணும்? லேடீஸுக்குத் தனி டைனிங் கீது, தனி ரூமு கீது. முழுக்கக் கண்ணாடி போட்டு அடச்சிட்டோம். கீழ இடியே வுழுந்தாலும் இங்க தெரியாது."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். ரஹீமுன்னிசா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வேணாங்க."

சௌக்கத் அலிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. மூன்றாம் மனுஷன் முன்னால் காட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பினார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் இடுக்கில் புகுந்து புகுந்து வந்தவர், திருவொற்றியூர் தாண்டிக் கடலோரம் கல் கொட்டியிருக்கிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"உனக்கு இந்த சம்மந்தமே புடிக்கலியா?"

"இன்னா பேச்சு பேசுறீங்க. ஜுபைர் தங்கமான புள்ள."

"அப்ப இன்னாதான் பேஜாரு உனுக்கு? ஊர்ல கீற மண்டபத்த எல்லாம் வேணாம் வேணாம்னுகினு கீற!"

அவள் முக்காட்டைக் காற்று பிடித்து இழுத்தது. அதை இறுக்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நம்ம நிக்காஹ் அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்லுவாங்க? கபூல்னு சொன்னேன். ஏத்துக்கினேன்னு சொன்னேன்."

"எனக்குத் தெரியாதே."

சௌக்கத் அலி விழித்தார். அவள் கடலுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள்.

"சம்மதம் கேக்க மாமா வூட்டுக்கு மூணு பேரு வந்தாங்க. கதவாண்ட நின்னு கேட்டாங்க. தலையாட்டினேன், கையெழுத்து போட்டேன், அவங்க பள்ளிவாசலுக்குப் போயிட்டாங்க. கூட இருந்த பொம்பளைங்களும் சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் குந்திகினு கீறேன். இப்ப சொல்லிகினு இருப்பாரா, இப்ப சொல்லி முடிச்சிருப்பாரான்னு எனுக்கு நெஞ்சு அடிச்சிக்குது. அப்புறம் யாரோ ஓடியாந்து வாயில சர்க்கரைய போட்டு, ‘முடிஞ்சிருச்சு’ன்னாங்க. என் கல்யாணம் எனுக்கு அவ்ளோதாங்க. ஒரு வாய் சர்க்கர."

"நான் அங்க சொன்னேனே ரஹீமா."

"சொல்லியிருப்பீங்க. நான் அங்க இல்லியே."

லாரிக்காரனையும் படகுக்காரனையும் ஒரே அதட்டலில் அடக்குகிற மனுஷன், பெண்டாட்டி மெதுவாகப் பேசியதற்கு வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நம்ம பொண்ணு அனம ஏத்துக்கினேன்னு ஜுபைர் சொல்றத நான் என் காதால கேக்கணுங்க. அவளும் கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனுக்கு."

"சம்மந்திகிட்ட வாக்கு குடுத்துட்டேனேடி."

"தெரியும். அதான் சொல்லல. மாடிக்கு நல்லா கேக்குற மண்டபமா ஒண்ணு ஆப்ட்டா, அப்ப உங்ககிட்ட வாய தொறக்கலாம்னு நெனச்சேன். எதுவும் ஆப்டல."

மறுநாள் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. நைலான் கயிறு கேட்டவனுக்குத் தார்ப்பாயை எடுத்துப் போட்டார். தன் நிக்காஹ் அன்றைக்குப் பள்ளிவாசலில் தன்னைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தார். அண்ணன் தம்பி, மச்சான், கடைத்தெரு மொத்தமும் இருந்தது. கட்டிப்பிடித்து முபாரக் சொல்லவே அரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதன்பிறகும் நினைக்கவில்லை. அந்த வெட்கம் அவரை உட்கார விடாமல் செய்தது. கடையைச் சாத்திவிட்டுச் சம்மந்தி வீட்டுக்குப் போனார்.

சம்மந்தி பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், சாது. ஆனால் பேச்சு என்றால் பேச்சுதான், அதில் மாற்றம் பிடிக்காது. சௌக்கத் அலி டீயைக் குடித்து முடிக்கும்வரை மென்று முழுங்கினார். உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் முதலில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"பள்ளியாண்ட வண்டி நிறுத்த எடம் பத்தாது சம்மந்தி. நிக்காஹயும் மண்டபத்துலயே வெச்சிக்கலாமான்னு..."

"எடமா? பக்கத்துலயே நம்ம தோஸ்து குடோன் கீது. அங்க வுட்டுக்கலாம்."

"மழ கிழ வந்துச்சுன்னா?"

"பள்ளிக்குக் கூர கீது பாய்."

இனி மேலே போனால் மானம் போய்விடும் என்று தெரிந்தது. சௌக்கத் அலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கூட்டுல பொண்ணோட நிக்காஹ காதால கேக்கணும்னு ஆசப்படுதுங்க. அவங்க நிக்காஹ அவங்க கேக்கலியாம். இத்தினி வருஷம் கழிச்சி நேத்துதான் சொல்லுது. நான் உங்களுக்குக் குடுத்த பேச்ச மீறினா மீறினதுதான். ஆனா இது ஒண்ண என்னால இல்லன்னு சொல்ல முடியல."

சம்மந்தியின் முகம் சுருங்கியது. "எங்கத்தா, நானு, என் தம்பிங்க, எல்லாருக்கும் அந்தப் பள்ளியிலதான் பாய் ஆச்சு. என் புள்ளைக்கும் அங்கதான்னு அவன் பொறந்தப்பவே நெனச்சவன் நானு. பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? அன்னிக்கு அவங்களுக்கு ஆயிரம் வேல."

"எனக்கு ஒரு வேலயும் இல்ல அன்னிக்கு."

வாசற்படித் திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் சம்மந்தியின் மனைவியுடையது. இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நகை எல்லாம் போட்டுக்கினு செவுத்தப் பாத்துக்கினு குந்திகினு இருந்தேன். ஓதுற சத்தம் வரும்னு காத தீட்டிகினு இருந்தேன். பிரியாணி வாசனதான் வந்துச்சு."

சம்மந்திக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீ ஒரு நாளும் சொன்னதில்லியே?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?"

சம்மந்தி தாடியை நீவிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்த நாள் முதல் வளர்த்த ஆசையை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் விடுவது லேசான காரியமா? நல்ல மனுஷன், விட்டார்.

"பள்ளி ஹஸ்ரத்கிட்ட நான் பேசுறேன். மண்டபத்துக்கு வந்து ஓதுவாரு. ஆனா மண்டபம் உங்க பொறுப்பு சம்மந்தி. ரெண்டு பொம்பளைங்களுக்கும் கேக்கணும். கேக்கலன்னா என்னிய வூட்டுக்குள்ள வுட மாட்டாங்க போல கீது."

இப்படியாக மறுபடியும் மண்டப வேட்டை தொடங்கியது. இந்தத் தடவை சௌக்கத் அலியே அலசினார். கடைக்கு வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "மாடியில குந்துனா கீழ பேசுறது கேக்குற மண்டபம் எங்கனா கீதா?" என்று விசாரித்தார். மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட அவர் இவ்வளவு பேரைக் கேட்டிருக்க மாட்டார். கடைசியில் ராயபுரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய மண்டபம் அகப்பட்டது. சந்துக்குள் இரண்டு வண்டி சேர்ந்தாற்போல் நுழையாது. அண்டா வைக்க மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். ஏசி என்கிற பேச்சே கிடையாது. ஆனால் மேடையைப் பார்த்தாற்போல் மூன்று பக்கமும் சுற்றி வருகிற மாடி இருந்தது. அதன் விளிம்பில் கண்ணாடி இல்லை, மரச் சட்டத் தட்டிதான் இருந்தது. மேலே இருக்கிறவர்கள் முகம் கீழே தெரியாது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் செங்கொடி என்கிற அம்மாள் கதவைத் திறந்துவிட்டு, "மேல போங்கம்மா, படி பாத்து" என்றாள். ரஹீமுன்னிசா மேலே போனாள். சௌக்கத் அலி மேடையில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

"பத்து எம்எம் நைலான் கயிறு! பெரிய தார்ப்பாய்! கேக்குதா?"

"காசிமேட்டுக்கே கேக்கும்." மேலிருந்து வந்த குரலில் சிரிப்பு இருந்தது. "மாப்ள இப்டி கத்துவாரா? சாதாரணமா சொல்லுங்க."

"இன்னா சொல்றது?"

மேலிருந்து பதில் வரவில்லை.

சௌக்கத் அலி தட்டியை அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பின்னால் அவள் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியவில்லை. அவருக்குத் திடீரென்று கூச்சமாக இருந்தது. துடைப்பத்தோடு நிற்கிற செங்கொடியைப் பார்த்தார், வெறும் நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தண்டையார்பேட்ட காதர் மொய்தீன் மகள் ரஹீமுன்னிசாவ, பேசின மஹர் தொகைக்கு, என் மனைவியா ஏத்துக்கினேன். கபூல் செஞ்சேன்."

கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். செங்கொடி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அசையாமல் நின்றாள். மேலே சத்தமே இல்லை. சரிதான், இந்த மண்டபமும் போயிற்று என்று நினைத்தபடி சௌக்கத் அலி எழுந்து படியேறினார்.

தட்டியை ஒட்டி ஒரு நாற்காலியில் ரஹீமுன்னிசா உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை நெற்றிக்குக் கீழே வரை இழுத்து விட்டிருந்தாள். கன்னம் முழுக்க ஈரம்.

"கேக்கலியா?" என்றார்.

"கேட்டுச்சு."

"தெளிவா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எங்கத்தா பேரு கேட்டுச்சு. ஏத்துக்கினேன்னது கேட்டுச்சு. நடுவுல எம் பேரு வர்றப்ப உங்க கொரலு உள்ள போயிருச்சு. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"அதுக்கின்னா, இங்கியே சொல்றேன்."

"இங்க வேணாம். அங்க போய் சொல்லுங்க."

மூட்டு வலியோடு ஏறி வந்த படிகளில் சௌக்கத் அலி மறுபேச்சில்லாமல் இறங்கினார். மேடையில் அதே இடத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவள் பெயரிலிருந்துதான் ஆரம்பித்தார்.