கரி போன ஓடு

"சும்மா கைய கட்டிக்கினு உக்காராத மேரி, அந்தத் தட்ட இந்தாண்ட தள்ளு" என்றாள் மணிமொழி.

பாதாம் மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் டப்பு, இரண்டு மணை. சாந்தோம் சந்து ஒன்றில் பழைய பங்களாவை இடித்துப்போட்ட மனை அது. அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் போடுவதற்குள் கொஞ்சம் தோண்டிப் பார்த்துக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகத் தொல்லியல் துறை மனைக்காரரைக் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தது. கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகக் குழி. குழிக்குள் மாணவர்கள் கரண்டியால் மண்ணைச் சுரண்ட, கூலியாட்கள் அதைக் கூடையில் தூக்கி வந்து சல்லடையில் கொட்டினார்கள். சல்லடையில் தங்குகிற பானை ஓடுகள் மணிமொழியிடமும் ஆரோக்கியமேரியிடமும் வரும். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மண்ணைக் கழுவி நிழலில் பரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்பதை மணிமொழியால் இன்னும் நம்ப முடியவில்லை. மயிலாப்பூரில் மூன்று வீட்டுப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிய கை அது.

"இத்தினி வருசமா ஒடையாத பாத்திரத்த தேச்சேன். எவளாவது நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாளா? இங்க ஒடஞ்சத கழுவுறேன், தேங்க்ஸ்க்கா தேங்க்ஸ்க்கான்றாங்க."

"நேத்து ஒரு புள்ள என்னை மேடம்னு கூப்ட்ச்சு" என்றாள் மேரி. "பின்னால யாரோ நிக்கிறாங்கன்னு நான் திரும்பிப் பாக்குறேன்!"

இருவரும் ஆற்றங்கரைக் குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மேரி கூடையும் தூக்குவாள், கழுவவும் செய்வாள். மணிமொழிக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு இந்த மணையை விட்டால் இங்கே வேறு வேலை கிடையாது. இதை நம்பித்தான் இரண்டு வீட்டு வேலையை விட்டிருந்தாள். ஜெயலக்ஷ்மி மாமி வீட்டை மட்டும் காலையில் முடித்துவிட்டு ஓடி வருவாள்.

பேராசிரியர் சுப்புராயன் வேறு அவள் மனசில் ஆசையை ஊற்றி வைத்திருந்தார். "குழிய மூடினாலும் இந்த ஓடெல்லாம் கழுவி முடிக்க ஒரு வருஷம் ஆகும்மா. ரெண்டு பேரும் நம்ம டிபார்ட்மெண்ட்டுக்கே வந்துடுங்க" என்று ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. தண்ணி லாரிக்கு வரிசை நின்றவர்கள், "யூனிவர்சிட்டியில இன்னா படிக்கப் போற?" என்று கிண்டல் செய்தார்கள். "நீங்க ஒடச்ச கொடத்தையெல்லாம் படிக்கப் போறேன்" என்று மணிமொழி தன் காலிக் குடத்தை வரிசையில் முன்னே உருட்டினாள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

குழியில் கரி பிடித்த ஓடு கிடைத்தால் மாணவர்கள் அதை அங்கேயே வெள்ளித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கழுவுகிற இடத்துக்கு அது வருவதே இல்லை. அப்படி ஒரு வழக்கம் உண்டென்று மணிமொழியிடமோ மேரியிடமோ யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு வெள்ளித்தாள் தீர்ந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவி நிஷா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த ஓட்டைக் கொண்டுவந்து டப்புக்குப் பக்கத்தில் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

மணிமொழி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பிரஷ் போட்டாள், அசையவில்லை. அவ்வளவுதான், ரோஷம் வந்துவிட்டது. மாமி வீட்டு நார் விரலைக் கிழிக்கிறதென்று பையில் சொந்தமாக ஒரு நாரும் பாத்திரப் பவுடரும் வைத்திருந்தாள். இரண்டையும் எடுத்தாள்.

"இன்னாடி, பழி வாங்குறாப்ல தேய்க்கிற?"

"பின்ன? கொழம்ப அடுப்புல வெச்சுட்டு எவளோ வாயடிச்சிக்கினு நின்னிருக்கா. எம்மாங் கரி பாரு!"

"அவ செத்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சு. திட்டாத, பாவம்."

நிஷா வெள்ளித்தாள் சுருளோடு வந்தபோது ஓடு செக்கச்செவேலென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா... இதுல இருந்த கரி?"

"பூட்ச்சு!" என்றாள் மணிமொழி பெருமையாக. "துளி கீதா பாரு."

நிஷா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் தளும்பிற்று. "அந்தக் கரிதான்க்கா வேணும். அத லேப்புக்கு அனுப்பினாதான் பானை எந்தக் காலத்ததுன்னு தெரியும். என்ன சமைச்சாங்கன்னுகூட சொல்லிடுவாங்க. நானே இங்க வெச்சிட்டுப் போயிட்டேனே!"

"மீன் கொழம்புதான் கண்ணு" என்று மேரி தேற்றினாள். "கடலாண்ட குடியிருந்தவ வேற இன்னா வெப்பா?"

மணிமொழி டப்பின் பக்கம் திரும்பினாள். போச்சு, எல்லாம் போச்சு. டப்பில் கிடந்த கறுப்புத் தண்ணீரை அள்ளிக் காட்டினாள். "தோ, இதுலதாம்மா கீது உன் கரி. எங்கயும் போவல. துணியில வடிகட்டித் தரட்டா?"

அழுதுகொண்டிருந்த நிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்து சேர்ந்தார். மணிமொழி முந்திக்கொண்டு எழுந்தாள். "சார், நான்தான் தேச்சேன். பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை. ஓட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். கரி இருந்த இடத்தில் கோடுகள். வளைந்த ஒரு கோடு, அதன்மேல் நட்டுக்குத்தலாய் ஒன்று, அதிலிருந்து இறங்கிய முக்கோணம்.

"படகும்மா! பாய்மரப் படகு! பானையில கீறியிருக்கான்யா!"

குழியிலிருந்து ஒவ்வொரு தலையாக எழும்பி ஓடிவந்தது. பேராசிரியர் குதிக்காத குறை. "இந்தம்மா தேய்க்கலன்னா இது கரிக்குள்ளயே கெடந்திருக்கும்!" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். எல்லோருக்கும் ரோஸ்மில்க் வந்தது. மணிமொழிக்கு இரண்டு. உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் இரண்டையும் குடித்தாள்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் அவள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். புகைப்படக்காரர் ஓட்டை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் தலையை நிமிர்த்தி நன்றாகச் சிரித்தாள்.

"அம்மா, மூஞ்சி கொஞ்சம் பின்னால. ஓடு மட்டும் முன்னால நீட்டுங்க. அப்படியே!"

"போச்சுடி உன் கனகாம்பரம்" என்று மேரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெரியவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பேப்பரில் போடுவோம் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். படகைப் பார்க்க வேறு ஊர்களிலிருந்து பெரிய ஆய்வாளர்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஓட்டைத் தடவிப் பார்த்து, இதில் கரி இருந்திருக்குமே, யார் எடுத்தது, எதால் எடுத்தது என்று கேட்டார்கள். பேராசிரியர் படகைப் பற்றியே பேசிச் சமாளித்தார்.

ஒரு காலை மணிமொழி வந்தபோது அவள் மணையில் ஒரு மாணவன் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேராசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பாதாம் மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மேலேர்ந்து ரூல் போட்டுட்டாங்க. இனிமே ஓட்டத் தொடுறது ட்ரெய்னிங் எடுத்த பசங்க மட்டுந்தான். கூடை தூக்குறதுன்னா தாராளமா வாங்க."

"கூடை என்னால ஆவாதுன்னு தெரியுமே சார்."

"தெரியும்மா."

"அப்ப யூனிவர்சிட்டி?"

"பாக்கலாம்மா."

மணிமொழிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் செஞ்சது தப்புன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார். அன்னிக்கு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தீங்களே!"

அவர் சல்லடைப் பக்கம் நடந்துவிட்டார். குழிக்குள் இருந்த நிஷா தலையைத் தூக்கவே இல்லை. மேரிதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசல் வரைக்கும் கூட வந்தாள்.

ஜெயலக்ஷ்மி மாமிக்கு ஏக குஷி. "அந்த மண்ணாங்கட்டி உத்யோகம் வேண்டாம்னு அப்பவே சொன்னேனோல்லியோ? ரெண்டு வேளையும் நம்மாத்துக்கே வந்துடு" என்றாள். விட்ட இரண்டு வீட்டிலும் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். மணிமொழி வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பின்கட்டில் உட்கார்ந்து வாணலி தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமி பேப்பரும் கையுமாக வந்தாள்.

"மணி, இதப் பாத்தியோ? நம்ம சாந்தோம்ல ரெண்டாயிரம் வருஷத்து ஓடு கெடச்சிருக்காம்! படகு வரஞ்சிருக்கான். என்ன அழகா கோடு விழுந்திருக்கு பாரேன்!"

மணிமொழி எட்டிப் பார்த்தாள். கால் பக்கத்துக்குப் படம். ஓடும், அதைத் தாங்கிய இரண்டு கையும் பளிச்சென்று விழுந்திருந்தன. மணிக்கட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. கீழே பேராசிரியர் பெயரும் நிஷாவின் பெயரும் இருந்தன. இருந்தாலும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"ஐயே மாமி, இது என் கை!"

"உன் கையா?"

"என் கைதான் மாமி! நான்தான் புடிச்சிக்கினு நின்னேன். தோ, இந்த வெரல் வளைஞ்சிருக்கு பாருங்க." காட்டுவதற்காகப் படத்தின் மேல் விரலை நீட்டினாள்.

மாமி சட்டென்று பேப்பரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஈரக் கையால தொடாதேடி! கட் பண்ணி எடுத்து வச்சுக்கணும். பேரன் வந்தா காட்டணும்."

மணிமொழி கையைக் கழுவினாள். சோப்பு நுரை போக முழங்கை வரைக்கும் கழுவி, முந்தானையில் ஒவ்வொரு விரலாக ஒற்றி, துளி ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் மாமி பேப்பரை மடித்துக் கூடத்துக் கண்ணாடி பீரோவுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.