பன்னிரண்டாவது பாட்டின் மூன்றாவது சரணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, அக்காவின் ஆல்பத்துக்கு ஒரு பக்க அட்டைக் குறிப்பாகத்தான் பிறந்தது. நாட்டுப்பாட்டு மெட்டை எடுத்து கிடாரில் ராக்காகப் பாடுகிறவள் என் அக்கா. எழுத்தும் அவளே, மெட்டும் அவளே. முப்பது வருடப் பாட்டில் சிறந்த பன்னிரண்டைத் தொகுத்து வெளியிடுகிறார்கள்.

"நீதான் கதை எழுதறியே, ஒரு பக்கம் எழுதிக் குடுடா. பொய் மட்டும் எழுதாதே" என்றாள். கதை எழுதுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அக்கா' (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

'சில குரல்கள் நம்மைத் தேடி' (இதுவும் போச்சு.)

2

பதினோரு பாட்டில் வம்பில்லை. பன்னிரண்டாவதுதான் தலைவலி. அக்காவுக்குப் பேர் வாங்கித் தந்ததும் அதுதான். இரண்டு சரணம் முடிந்ததும் டிரம்ஸ் தடதடவென்று உருண்டு, டக்கென்று நின்றுவிடும். மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது.

(அந்த மௌனத்தைப் பற்றி ஒரு விமர்சகர் பதினான்கு பக்கம் எழுதினார். மௌனத்துக்கு இத்தனை சத்தம் தேவையா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.)

நிஜக் காரணம் ஊருக்கே தெரியும்: டிரம்மர் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். அவர் அப்போது அக்காவின் கணவர், அதாவது என் அத்தான். பாட்டு ஹிட்டானது. அவருக்கோ 'ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதவர்' என்ற பட்டம்தான் மிச்சம். அதற்குப் பிறகு ஒரு ஸ்டூடியோவும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்று மாதத்தில் அக்காவும் பிரிந்துவிட்டாள். இப்போது ஒரு மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறார்.

3

போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து, கிடாருக்காக வளர்க்கும் வலது கை நகங்களை அக்கா ராவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"அந்தப் பாட்டைப் புதுசா பதிவு பண்ணப்போறேன். மூணாவது சரணத்தோட. அவரையும் வாசிக்கக் கூப்பிட்டிருக்கேன்."

"அய்யோ, மறுபடியும் எண்ணிக்கை விட்டுட்டார்னா?"

"அவர் விடலடா. நான்தான் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். பாட முடியல. பழி அவர் தலையில விழுந்துச்சு, நான் வாயைத் திறக்கல."

"இருபது வருஷமாவா?"

"இருபத்திரெண்டு. அதை அட்டையில எழுது. அவர் பேரைக் காப்பாத்து."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷனின் பிழைப்பே போயிருக்கிறது, இவள் நகம் ராவுகிறாள். கோபத்தோடு கோபமாக, ஆகா, நல்ல கதை கிடைத்ததே என்றும் நினைத்தேன். எழுதுகிற ஜென்மம் அப்படித்தான்.

4

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். அத்தான் இவ்வளவு நல்லவராக இருந்தால் யார் நம்புவார்கள்? கொஞ்சம் கெட்ட குணம் சேர்க்கலாமென்று மெத்தைக் கடைக்கே போனேன். ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டார்.

"கையக் காட்டினாளா? எப்போ? நான் கண்ணை மூடிட்டுல்ல வாசிப்பேன்!"

நான் மெத்தையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அப்போ ஏன் அத்தான் நிறுத்தினீங்க?"

மெத்தை விரிப்பை இழுத்துவிட்டார். "முதல் நாளே அவ கிடார் பெட்டியில அந்தச் சரணத்தைப் பார்த்துட்டேன் மாப்ளே. என்னை விட்டுட்டுப் போறதா நாலு வரி. பாடிட்டா பதிவாயிடும்ல? அதான் அடிச்சு முடிச்சுட்டேன்." பிறகு சிரித்தார். "என்ன பிரயோஜனம்? பாடாமலேயே போயிட்டா."

"இதை எழுதட்டுமா?"

"அடப்போய்யா. எண்ணத் தெரியாதவன்னு சொன்னா கூடச் சேர்ந்து சிரிச்சுக்கலாம். பொண்டாட்டி போயிடுவான்னு பயந்தவன்னு சொன்னா எங்கே போய் முட்டிக்கிறது? எழுதாதே."

கெட்ட குணம் எதுவும் சிக்கவில்லை. மெத்தைதான் கொஞ்சம் கடினம்.

ஆக, நான் மாட்டிக்கொண்டேன். அக்கா சொன்னதை எழுதினால் அவர் பேர் மீளும், ஆனால் அது பொய். அவர் சொன்னதை எழுதினால் அக்காவின் குற்ற உணர்ச்சி தீரும், ஆனால் அவர் மானம் போகும். ஒன்றும் எழுதாவிட்டால் பட்டம் அப்படியே நிற்கும்.

5

முடிவு அ: அக்கா பாடுகிறாள், அத்தான் வாசிக்கிறார், இருவரும் அழுகிறார்கள். (என் மனைவி படித்துவிட்டு "சீ, சினிமா" என்றாள்.)

முடிவு ஆ: அத்தான் வரவேயில்லை, பெரிய ஆர்டர் ஒன்று

(இல்லை. வந்தார். பழைய குச்சிகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.)

நடந்தது இதுதான். இன்று காலை பதினொன்றரை மணி. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர், மூலை ஸ்டூலில் நான். முதல் சரணம் போனது, இரண்டாவதும் போனது. அந்த இடம் வந்ததும் அத்தான் கண்ணைத் திறந்தார். நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று, நாலு சுற்று, பத்துச் சுற்று. அக்கா மைக் முன்னால் வாயைத் திறந்தபடி நின்றாள். சத்தம் வரவில்லை.

"பாடு" என்றார் அத்தான். "இந்தத் தடவை நான் தாங்கிக்குவேன், பாடு."

அக்கா அவரை அப்படியே பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் தவறாகக் கூட்டிய கணக்கு அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு மைக்கிலேயே சொன்னாள்: "தம்பி, நீ வெளியே போ."

அதுவும் பதிவாகியிருக்கிறது. ஒலிப்பதிவாளர் வெட்டாமல் விட்டால் ஆல்பத்தில் என் பங்கு அதுதான்.

6

இப்போது ஸ்டூடியோ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு தடியானது, ஒரு பொட்டு சத்தம் கசியாது. காதை ஒட்டவைத்தும் பார்த்துவிட்டேன், வெட்கமில்லை. மேலே சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

அட்டைக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் பாக்கி. அதை உங்களிடம் விடுகிறேன்:

'இந்தப் பாட்டை இரண்டாவது சரணத்தோடு நிறுத்தியவர் ______________.'

பென்சிலால் எழுதுங்கள். உள்ளே இன்னும் வாசிப்பு நிற்கவில்லை.