கம்பெனிக்கு ஐந்து கூடு

எங்கள் அலுவலகத்தின் முகவரியை எங்கள் அலுவலகமே பூட்டிய கதையைச் சொன்னால், எங்கள் ஊரான ரதோவ்லியிட்சாவில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் அதைச் சொல்வது நான் என்பதால் நம்புவதில்லை.

தேனீ வளர்ப்பவர்களுக்கு மட்டும் இணைய முகவரி தரும் கம்பெனி அது. முகவரியின் வாலில் ‘செபேலா’ என்று வரும். எங்கள் மொழியில் தேனீ. சர்க்கரைப்பாகைத் தேன் என்று விற்பவன் அரண்மனையை எழுதிக் கொடுத்தாலும் அந்த வால் கிடைக்காது. தேனீ வளர்க்கும் மரப்பெட்டிக் கூடு ஐந்தாவது வேண்டும், உரிமையாளர் தன் கையாலேயே திறந்து காட்ட வேண்டும். மலை மலையாக ஏறி அதை எண்ணி வருவதுதான் பதினான்கு வருஷம் என் வேலை. நான் வாங்கிய கொட்டுகளைப் பங்கு போட்டால் ஒரு ரயில் நிறைய ஆட்கள் வீங்கிப்போவார்கள். மற்ற எதைப் பற்றியும் பெருக்கிச் சொல்வேன், கூட்டுக் கணக்கை மட்டும் மாட்டேன்.

சரிபார்ப்பு முழுக்க எங்கள் அதிகாரி பொலோனாவின் பொறுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை நூறு முகவரிகளைக் குலுக்கி எடுப்பாள். ‘முப்பது நாளில் கூடுகளைக் காட்டுங்கள்’ என்று கடிதம் போகும். காட்டாவிட்டால் முப்பத்தொன்றாம் நாள் கணினி தானாகப் பூட்டிவிடும். அந்த வருஷக் குலுக்கலில் எங்கள் முகவரியே விழுந்தது. எங்களிடம் ஒரு கூடுகூடக் கிடையாது. பொலோனா கண்ணைக்கூட இமைக்காமல் கடிதம் அனுப்பினாள். அது எங்கள் பெட்டிக்கே வந்தது. முதலாளி ரைக்கோ அதைப் படித்துவிட்டு, கடிதம் அழகாக இருக்கிறது என்று பாராட்டி, கோப்பில் போட்டார். தனக்கு வந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பூட்டு விழுந்தது. எங்கள் இணையப் பக்கம் போயிற்று, மின்னஞ்சல் போயிற்று. பூட்டைத் திறக்க மனுப் போடும் படிவமும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் மாலை நாலுக்குள் சரிசெய்யாவிட்டால் முகவரி, வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அடுத்து நின்றவர் மெழுகுவர்த்திக்காரர் ஒருவர். அவரிடம் நிஜமாகவே அறுபது கூடு இருந்தது. நாலாயிரம் தேனீக்காரர்கள் தங்கள் முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி அவருக்கு எழுதுவார்கள். கம்பெனியைப் பிறகு சாத்திவிடலாம்.

ரைக்கோ தணிந்த குரலில்தான் கேட்டார். “பொலோனா, ஒரு பொத்தான்தானே. அமுக்கிடேன்.”

“அமுக்கலாம். அப்புறம் லோய்ஸேக்கு நான் என்ன பதில் சொல்றது?”

போஹின் மலைப்பக்கத்துத் தேனீக்காரர் லோய்ஸேயின் ஐந்தாவது கூட்டை முந்தின வருஷம் கரடி தின்றுவிட்டது. பொலோனா அவர் முகவரியைப் பூட்டி, அவர் புதிதாக ஒன்று வாங்கிய பிறகுதான் திறந்தாள். 

கடைசியில் அந்த லோய்ஸேயிடமே கூடு கேட்டாள் பொலோனா. இப்போது அவரிடம் இருபது இருந்தது. தொலைபேசியில் அவர் சிரித்த சிரிப்பு தாழ்வாரம் வரை கேட்டது, இத்தாலியிலும் கேட்டிருக்கும். புதன்கிழமை விடியுமுன் ஐந்து கூடுகளை வண்டியில் ஏற்றி வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாக இறக்கினார். ஐந்தையும் கம்பெனி பெயருக்கே எழுதிக் கொடுத்தார்.

“கரடி சாப்பிட்டா உங்க சட்டத்துல விலக்கு இல்ல. முதலாளி பயந்தா மட்டும் விலக்கு உண்டா, அதிகாரியம்மா?”

“கிடையாது,” என்றாள் பொலோனா. “அவரே திறக்கணும்.”

ஒரு ஈ உள்ளே வந்தால் கூட்டத்தையே ஒத்திவைக்கிற மனிதர் ரைக்கோ. வலைத் தொப்பி போட்டு, அதன்மேல் பொலோனாவின் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார். எங்கள் ஊர்க் கூடுகளுக்குப் பின்பக்கம்தான் கதவு. அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதுபோல் தேனடையை இழுக்கலாம். முதல் கதவைத் திறக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவதற்குக் கால் மணி. நாலாவதில் அடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ராணி எது என்று லோய்ஸேயைக் கேட்டார்.

ஐந்தாவதைத் திறந்தால் காலி. பிரயாணம் பிடிக்காமலோ என்னமோ, மொத்தக் குடும்பமும் கிளம்பிப்போய்ப் பக்கத்து லிண்டன் மரத்தில் கறுப்புக் கோணிப்பையாகத் தொங்கியது. அது ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது என்று சொல்வேன், நீங்கள் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் என் தாளைப் பார்த்தார்கள். நான் ‘நான்கு’ என்று எழுதினேன்.

“அதோ மரத்துல இருக்கேய்யா,” என்றார் ரைக்கோ.

“மரம் கூடு இல்லைங்க.”

பொலோனா, எல்லாம் முடிந்தது என்று மாடியிலிருக்கும் கணினியைக் கைகாட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், பழைய கோப்புகள் வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காலிசெய்து கொண்டு வந்தாள். லோய்ஸே ஏணியைச் சாய்த்தார், ஆனால் ஏறவில்லை. மணி மூன்றரை. நாலுக்குக் கெடு.

ரைக்கோ ஏணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு ஏறினார். கிளைக்கடியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே உலுக்கு. மழை கொட்டுவது போன்ற சத்தத்தோடு தேனீக்கள் உள்ளே விழுந்தன. சில அவர் சட்டைக் கையில் நடந்தன. அவர் அவற்றைத் தட்டிவிடாமல் நின்றார்.

“கொட்டலையே,” என்றார் மெதுவாக, யாரையோ தூங்கவைத்துவிட்டுப் பேசுவதுபோல்.

“வயிறு நிறைய தேன் குடிச்சிருக்கு. சண்டை போட நேரமில்ல,” என்றார் லோய்ஸே.

பெட்டியைக் கூட்டில் கவிழ்த்ததும் ராணி உள்ளே போயிற்று, மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. கால் மணி காத்திருந்தோம். ரைக்கோ கதவைத் திறந்து, அடையை இழுத்து, எனக்கு முறைப்படி காட்டினார். நான் ‘நான்கை’ அடித்துவிட்டு ‘ஐந்து’ எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொலோனா தாளை வாங்கிக்கொண்டு படியேறினாள். நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஜன்னலைத் திறந்து, “பக்கம் வந்துடுச்சு,” என்றாள்.

ரைக்கோ நிமிர்ந்து பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூடுகளுக்குப் பக்கத்தில் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, எந்தத் தேனீ எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.