மீன் படத்தில் மரகதம்

மழை விட்ட பிற்பகல். மேற்கு ஜன்னலில் சாய்ந்து வந்த வெயில் மீன் தொட்டிக்குள் இறங்கியது. தண்ணீரைக் கடந்து, கூழாங்கற்களைத் தொட்டு, அங்கேயே கொஞ்சம் நின்றது.

அந்த வெளிச்சத்தில் நீல ஃபைட்டர் மீன் வாலை விரித்தது. ஒரு விநாடி. பிறகு சுருக்கிக்கொண்டது.

அந்த ஒரு விநாடிக்காகத்தான் அருணகிரி தரையில் மண்டியிட்டுக் கிடந்தார். வயது ஐம்பத்து நான்கு. அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீட்டில் படைப்பாளி.

'கண்ணாடிக் கடல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. வீட்டில் மீன் வளர்த்து, அதைப் படமெடுத்து, எடுத்ததைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். மீனைவிட அதிகமாக வாய் திறப்பவர்கள்.

அங்கே அருணகிரி வைத்ததுதான் சட்டம். ஃபிளாஷ் கூடாது, மீன் மிரளும். கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். மீனின் கண்ணைக் குறிவையுங்கள், வால் தானாக வரும். பிறகு காத்திருங்கள். காத்திருப்பதே கலை.

யார் காத்திருப்பது என்று அவர் எழுதியதில்லை.

தொட்டிக் கண்ணாடியில் எதிரே இருப்பதெல்லாம் தெரியும். ஜன்னல் தெரியும், பீரோ தெரியும், படைப்பாளியின் தொப்பை தெரியும். அதை மறைக்கக் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடிக்க வேண்டும்.

துணி என்றால், மரகதத்தின் கறுப்புப் பாவாடை. பிடிப்பது என்றால், மரகதம். இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி. இரண்டு மாதமாக வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தூக்கினால் உயிர் போகிறது.

குழுவில் அந்தப் பாவாடையின் பெயர் 'கருந்திரை'.

"சட்டுனு எடுங்களேன். அடுப்புல பருப்பு குழைஞ்சு போயிருக்கும்."

"பேசாத. தண்ணி ஆடும்."

"நான் பேசினா தண்ணி ஆடுமா? இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல ஒரு டம்ளர் ஆடினதில்ல."

முக்கால் மணி நேரம். வெயில் கூழாங்கல்லிலிருந்து பாசிக்கு நகர்ந்தது. பாசியிலிருந்து மீனுக்கு.

அவள் கை தானாகக் கீழே விழுந்தது. பாவாடை சரிந்தது. அந்த விநாடியில்தான் மீன் வாலை விரித்தது. அவர் விரலும் அழுத்திவிட்டது.

படம் அன்று மாலையே குழுவுக்குப் போனது. கைதட்டல்கள், பூங்கொத்துகள், கும்பிடும் கைகள். நடுவே ஒருவர் கேட்டார்: சார், வாலுக்கு மேலே ஒரு முகம் தெரிகிறதே, யார் அது?

அருணகிரி படத்தை விரலால் விரித்துப் பார்த்தார். நீல வாலுக்கு மேலே, புகைபோல, மரகதம். சாயம் போன நைட்டி. தோளில் துண்டு. அவிழ்ந்த கொண்டை. வலியில் கோணிய வாய்.

போன கூட்டத்துக்கு மற்றவர்களின் மனைவிமார் பட்டும் மல்லிகையுமாக வந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் தேடினாலும் கிடைக்காது. கை முந்திக்கொண்டது.

'வீட்டு வேலைக்கு வர்ற அம்மா.'

நாலு வார்த்தை. அழித்திருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் அதற்குள் குழுத் தலைவர் தணிகாசலம் பதில் போட்டுவிட்டார்: 'அபாரம். அழகுக்குப் பின்னால் உழைப்பு. திட்டமிட்டே எடுத்தீர்களா?'

அருணகிரி கொஞ்சம் யோசித்தார். 'ஆம்' என்று எழுதினார். பிறகு, வெட்கங்கெட்டுப்போய், ஒரு தலைப்பும் கொடுத்தார். 'உழைப்பின் நிழல்.'

கார்த்திகையில் கொளத்தூரில் குழுவின் கண்காட்சி, அருணகிரிக்குப் பாராட்டு. குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு. மழை வரும் என்றார் அருணகிரி. குடை இருக்கிறது என்றாள் மரகதம். கூட்டமாக இருக்கும் என்றார்.

"இருக்கட்டும். என் பாவாடைக்குப் பொன்னாடை போத்தறாங்களாம். நான் பாக்க வேணாமா?"

மரகதம் பச்சைப் பட்டுடுத்தி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் மழை. 

சிறிய மண்டபம். நட்ட நடுச் சுவரில் விளக்குப் போட்டு அந்தப் படம். மூன்றடி அகலம். மீனைவிட முகம் நன்றாகத் தெரிந்தது.

கீழே ஒரு அட்டை. மரகதம் அதை எழுத்துக்கூட்டுவதுபோல மெல்லப் படித்தாள். 'உழைப்பின் நிழல். நீரில் தெரிவது படைப்பாளியின் வீட்டுப் பணிப்பெண்.' படித்து முடித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

தணிகாசலம் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானாம்மா. சார் உங்களையும் கூட்டிட்டு வந்திருக்காரே, பெரிய மனசு. எத்தனை வருஷமா அவர் வீட்டுல வேலை?"

மரகதம் கணவனைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். ஒரு வார்த்தைக்கு வேண்டிய நேரம் கொடுத்தாள். இரண்டு வார்த்தைக்கு வேண்டிய நேரமும் கொடுத்தாள்.

அவர் படத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தேக்குச் சட்டம்.

"இருபத்தாறு வருஷம் ஆகுது சார்."

"அடேயப்பா. லீவெல்லாம் குடுக்கறாரா?"

"நான் கேட்டதில்ல."

அருணகிரியை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. காத்திருப்பதே கலை என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார்.

மூன்றாம் வரிசையில் மரகதம், மடியில் குடையோடு.

"படத்துல இருக்கறது பணிப்பெண் இல்ல. என் சம்சாரம். பேரு மரகதம். நான் பொய் சொல்லிட்டேன்."

மண்டபம் அமைதியானது. அந்த அமைதிக்குள் அருணகிரி முழுசாக இறங்கி நின்றார். அடி விழட்டும் என்று நின்றார்.

தணிகாசலம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். குரல் தழுதழுத்தது. "மனைவியையே பணிப்பெண்ணாகக் காட்டி, நம் ஒவ்வொரு வீட்டையும் கேள்வி கேட்டுவிட்டார். இதுவல்லவா படைப்பு?"

கைதட்டல். எழுந்து நின்று கைதட்டல். பொன்னாடை. இல்லை என்று சொல்ல அருணகிரி கையை உயர்த்தினார். அதுவும் தன்னடக்கமாகிப் போனது. இன்னும் தட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி காலி. மரகதம் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். பொன்னாடை அக்குளில் சுருண்டிருந்தது. நடத்துநர் வந்தார்.

"ரெண்டு பேர்," என்றார் அருணகிரி. பிறகு, நாலு பேருக்குக் கேட்கும்படி, "இது என் சம்சாரம்."

"அதை நான் கேக்கலையே சார். எங்க எறங்கணும்?"

"மூலக்கடை," என்றாள் மரகதம், ஜன்னலைப் பார்த்தபடி.

வெளியே மழை. கண்ணாடியில் வழியும் தண்ணீர். கடை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து, அந்தத் தண்ணீரில் இறங்கி, அவள் முகத்தைக் காட்டிவிட்டுப் போயின.

வெளிச்சம் வரும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது.