கறைக்கார அக்கா

அந்தச் சந்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடத்தில் விழும்போது பளிச்சென்றுதான் இருக்கும். கொஞ்ச நேரம் போனால் செம்மண் கரைத்தது போலாகி, அடியில் துரு படியும். வெள்ளைத் துணியை அதில் நாலு தடவை அலசினால் மஞ்சள் ஏறிவிடும். அந்தக் கறையை எடுக்கத் தெரிந்தவள் சந்து முனையில் சலவைக்கடை வைத்திருந்தவள் ஒருத்திதான். எலுமிச்சைச் சாறு, உப்பு, வெயில், பொறுமை. பன்னிரண்டு வீட்டுக்கும் அவள் கறைக்கார அக்கா.

அவளுடைய கொழுந்தன் மனைவி பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். ஒரு விடுமுறையில் அவள் அக்காவின் கடைச் சுவரை ஒட்டி நான்கு பழைய பீப்பாய்களை அடுக்கினாள். மேலே ஓட்டை போட்ட தட்டுகள், கீழே மணலும் கூழாங்கல்லும்.

"தண்ணியில இரும்பு கரைஞ்சிருக்கு அக்கா. தட்டுத் தட்டா விழும்போது காத்து பட்டு துருவாயிடும். துருவ மணல் பிடிச்சு வச்சுக்கும். செலவும் ரொம்ப இல்ல."

அன்று வடிந்த தண்ணீர் மறுநாள் காலையிலும் நிறம் மாறவில்லை. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "சின்னவ கைராசி!" என்றாள். இருபது வருடமாக அந்த வீட்டின் கறையெல்லாம் போக்கிய பெரியவளுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததே இல்லை.

சந்து முழுக்க அந்தத் தண்ணீரையே பிடிக்கத் தொடங்கியது. கறை எடுக்க வரும் துணி குறைந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. போதாததற்கு, வாரம் ஒருமுறை கீழ்க்குழாயைத் திறந்து, தண்ணீரை அடியிலிருந்து மேலே ஏற்றி மணலைக் கழுவும் வேலையைச் சின்னவள் அவளிடமே ஒப்படைத்திருந்தாள். கடை பக்கத்தில் இருக்கிறதே!

அவள் திறக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஐந்தாவது வாரம் மணல் அடைத்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர் சிவந்து நாறியது. எதிர்வீட்டுத் தையல்காரர் மஞ்சள் படிந்த சட்டையோடு அவள் கடைக்கு வந்தபோது, அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அன்று மாலை சந்தே பீப்பாய்களைச் சுற்றி நின்றது.

"படிச்ச திமிர்ல எங்க தண்ணியில விளையாடினியாம்மா?" என்று தையல்காரர் எகிறினார்.

சின்னவள் கீழ்க்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பிடியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஓரகத்தியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "தப்பு என்மேலதாங்க. நான் சரியா சொல்லிக் குடுக்கல," என்றாள்.

"பாவம், எவ்வளவு தன்மையா பேசுது!" என்றாள் ஒருத்தி. மாமியார் சின்னவளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

கறைக்கார அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. பாராட்டுதான் அவளுக்கென்றால், திட்டு வாங்கி நல்ல பேர் எடுப்பதும் அவளேவா?

"அவ ஒண்ணும் தப்பு பண்ணல!" என்று கத்தினாள். "எல்லாம் ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தா. நான்தான் திறக்கல. வேணும்னேதான் திறக்கல. போதுமா?"

அவளே முன்னால் போய்க் குழாயைத் திருகினாள். செங்கல் நிறத்தில் பொங்கிய கழிவு சேலை முழுக்கத் தெறித்தது. தண்ணீர் தெளியும் வரை அவள் நகரவில்லை.

ஒரு வாரம் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்கள். சின்னவள் சம்மதிக்கவில்லை. "அக்காதான் செய்யணும்," என்று முடித்துவிட்டாள். அதுவும் பெரியவளுக்குச் சுள்ளென்றுதான் இருந்தது. ஆனால் அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை.

சில மாதம் கழித்து, அடுத்த தெருக்காரர்கள் பீப்பாய்களைப் பார்க்க வந்தார்கள். சின்னவள் பள்ளியில் இருந்தாள். தட்டு, காற்று, துரு, மணல் என்று எல்லாவற்றையும் பெரியவளே விளக்கினாள்.

"நீங்களே செஞ்சதாம்மா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"என் ஓரகத்தி செஞ்சது," என்றாள், வேப்பங்காயைக் கடித்தவள் போல. பிறகு இடுப்பில் கை வைத்தாள். "ஆனா கழுவுறது நான். கழுவலன்னா என்ன ஆகும்னு என்னைத்தான் கேக்கணும்."